மயோர்காவில் எட்டு நாள் சைக்கிள்: எங்கே தங்குவது, எதை எப்போது ஏறுவது

கேள்வி இதுதான். சேலத்துக்காரர் ஒருவர், வார இறுதிகளில் ஏற்காடு ஏறிப் பழகியவர், ஸ்பெயினின் மயோர்கா தீவுக்கு எட்டு நாள் போகிறார். சா கலோப்ரா மலைப்பாதையைப் பற்றி நிறைய வீடியோ பார்த்திருக்கிறார். முதல் நாளே அதை ஏறிவிடலாமா, எந்த ஊரில் தங்குவது, மற்ற நாட்களுக்கு எந்த வழி, வாடகை சைக்கிள் சரிப்படுமா, சைவச் சாப்பாடு கிடைக்குமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார். நான் அந்தத் தீவுக்கு மூன்று முறை போயிருக்கிறேன், இரண்டு முறை மே மாதம், ஒரு முறை அக்டோபர். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் சா கலோப்ராவை நான்காம் நாளுக்குத் தள்ளுங்கள். உங்கள் கால் தாங்காது என்று சொல்லவில்லை. ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளை ஒரே மூச்சில் ஏறுகிறவருக்கு இந்தத் தீவில் ஏற முடியாத ரோடு என்று ஒன்றும் இல்லை. ட்ரமுண்டானா மலைத்தொடரின் உயரமான சிகரம் பூச் மயோர், அதுவே 1,436 மீட்டர்தான், அதன் உச்சியில் ராணுவ ரேடார் இருப்பதால் அங்கே போகவும் விடமாட்டார்கள். நாம் போகக்கூடிய ரோட்டின் உச்சம் சுமார் 850 மீட்டர். ஆக, உயரக் கணக்கில் ஏற்காடே பெரியது. ஆனால் இங்கே கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. இறக்கத்தில், பழக்கமில்லாத பிரேக்கில், பழக்கமில்லாத பக்கத்தில் போகும் போக்குவரத்தில், பிற்பகலில் கிளம்பும் கடல் காற்றில். இது நாலும் பழகுவதற்கு இரண்டு மூன்று நாள் வேண்டும்.

பிரேக் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நம் ஊரில் வலது கை பிரேக் முன் சக்கரத்துக்கு. ஸ்பெயினில் பொதுவாக இடது கை பிரேக்தான் முன் சக்கரத்துக்கு. முதல் முறை போனபோது வாடகைக் கடையில் சீட் உயரம் பார்த்தேன், டயர் காற்றை அழுத்திப் பார்த்தேன், கியர் மாற்றிப் பார்த்தேன், இதை மட்டும் பார்க்கவில்லை. ஒரு சின்ன இறக்கத்தில், வளைவுக்கு முன்னால் பின் பிரேக்கை லேசாகப் பிடிப்பதாக நினைத்து இடது கையை இழுத்தேன். முன் சக்கரம் நச்சென்று நின்றது, பின் சக்கரம் எழும்பியது, என் மார்பு ஹேண்டில்பாரில் இடித்தது. விழவில்லை, அவ்வளவுதான். பின்னால் வந்த ஒரு பெரியவர் அவர் பாஷையில் ஏதோ சொல்லிவிட்டுத் தாண்டிப் போனார், பாராட்டாக இருந்திருக்காது. வாடகை எடுக்கும்போதே "வலது கை முன் பிரேக்காக மாற்றிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். இங்கிலாந்திலிருந்து கூட்டம் கூட்டமாக வருகிறார்கள், அவர்களுக்கும் நம் பழக்கம்தான் என்பதால் கடைக்காரர்களுக்கு இது புதிய கோரிக்கை இல்லை. இன்றைய டிஸ்க் பிரேக் சைக்கிள்களில் குழாயை மாற்றி மாட்டுவது கொஞ்சம் வேலை, அதனால் முன்பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள். மாற்ற முடியாது என்றால் முதல் நாள் முழுவதும் சமவெளியில் ஓட்டிக் கையைப் பழக்குங்கள்.

போக்குவரத்து வலது பக்கம். நேர் ரோட்டில் ஐந்து நிமிடத்தில் பழகிவிடும். பழகாதது ரவுண்டானா. அங்கே வண்டிகள் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும், நீங்கள் இடது பக்கம் பார்த்து நுழைய வேண்டும். டீ குடித்துவிட்டுத் தனியாகக் கிளம்பும் நேரம்தான் ஆபத்து, உடம்பு தானாக இடது பக்கம் போய் நிற்கும். மற்றபடி கார்க்காரர்கள் பொறுமைசாலிகள். சைக்கிளைத் தாண்டும்போது ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது அங்கே சட்டம், பெரும்பாலானோர் விடுகிறார்கள். கொண்டை ஊசிக்கு நடுவில் ஹாரன் அடிக்காமல் பின்னாலேயே உருண்டு வரும் காரைப் பார்த்து முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது. ஊருக்கு வெளியே ஹெல்மெட் கட்டாயம். சுரங்கப் பாதைகளுக்குள் போக சைக்கிளின் முன்னும் பின்னும் விளக்கு வேண்டும், பகலிலும்.

தங்குமிடத்துக்கு வருவோம். இதில் தவறினால் தினமும் ஒரே ரோட்டில் போய் வந்துகொண்டிருப்பீர்கள். மலைத்தொடர் தீவின் வடமேற்குக் கரை முழுக்க, தென்மேற்கில் அன்ட்ராட்சிலிருந்து வடகிழக்கில் பொலென்சா வரை, கடலை ஒட்டிச் சுவர் மாதிரி நிற்கிறது. அதன் முதுகில் போகிற ரோட்டின் பெயர் எம்.ஏ.-10, சுமார் 110 கிலோமீட்டர். தீவின் சைக்கிள் வாழ்க்கை இந்த ஒரு ரோட்டைச் சுற்றித்தான். பெரும்பாலான சைக்கிள் ஓட்டல்கள் வடகிழக்கு மூலையில், போர்ட் டி பொலென்சா, அல்குதியா, பிளாயா டி முரோ பக்கம் இருக்கின்றன. அங்கே மட்டும் எட்டு நாளும் தங்கினால் மலையின் கிழக்குப் பாதி மட்டுமே கிடைக்கும். மேற்குப் பாதிதான் அழகு என்பது என் கட்சி. அதனால் போர்ட் டி பொலென்சாவில் நான்கு இரவு, சோயேரில் ஒரு இரவு, தீவின் தலைநகர் பால்மாவில் இரண்டு இரவு என்று பிரித்துக்கொள்ளுங்கள். பையை டாக்சியில் அனுப்பிவிட்டு நீங்கள் சைக்கிளில் போகலாம். இந்த வரிசையில் போனால் இன்னொரு லாபம் உண்டு. வலது பக்கப் போக்குவரத்தில் பொலென்சாவிலிருந்து அன்ட்ராட்ச் திசையில் போகும்போது கடல் உங்கள் கைப்பக்கம், ரோட்டின் விளிம்பில் இருக்கும். எதிர்த் திசையில் போனால் நடுவில் ஒரு லேன் கார் ஓடும், உங்களுக்குப் பாறைச் சுவர்தான் பக்கத்துணை.

முதல் நாள் சமவெளி. பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை, கல் சுவர்களுக்கு நடுவே கார் அதிகம் வராத குறுகலான தோட்டத்துச் சாலைகள், பாதாம் மரம், பழைய காற்றாலைகள். சினேயு ஊரில் புதன்கிழமை சந்தை. பெட்ரா ஊர்ச் சதுக்கத்தில் மதியம் போனால் நாற்காலியைவிடச் சாய்த்து வைத்த சைக்கிள்தான் அதிகம் தெரியும். கவனிக்க வேண்டியது காற்று. வெயில் ஏற ஏறக் கடலிலிருந்து உள்நாட்டுப் பக்கம் காற்று வீசத் தொடங்கும். காலையில் உள்ளே போகும்போது ஒன்றும் தெரியாது, பிற்பகலில் கரையில் இருக்கும் ஓட்டலுக்குத் திரும்பும்போது முழுக்க எதிர்காற்று. கடைசி இருபது கிலோமீட்டரை மனதில் வைத்துக் கால் தெம்பை மிச்சம் பிடியுங்கள்.

இரண்டாம் நாள் ஃபோர்மென்டோர் முனை. போர்ட் டி பொலென்சாவிலிருந்து கலங்கரை விளக்கம் வரை போய்வர 40 கிலோமீட்டர் வாக்கில், ஆனால் ஏற்றம் சுமார் 900 மீட்டர் சேர்ந்துவிடும், போகும்போது இறங்கியதையெல்லாம் வரும்போது ஏற வேண்டும் என்பதால். முதல் ஏற்றம் முடிந்ததும் ஒரு காட்சிமுனை, கீழே செங்குத்தாகக் கடல், அங்கே காற்று அடிக்கும் நாளில் சைக்கிளைக் கையில் பிடித்து நிற்பதே பாடு. பிறகு பைன் காட்டுக்குள் இறக்கம், ஒரு சுரங்கம், அதைத் தாண்டினால் மரமே இல்லாத சுண்ணாம்புப் பாறை, ஆடுகள், கடைசியில் 1863-இல் கட்டிய வெள்ளை விளக்குக் கோபுரம். விடிந்ததும் கிளம்பிவிடுங்கள், ஏழு மணிக்கு ரோடு உங்களுடையது, பத்து மணிக்கு வாடகைக் கார்களுடையது. கோடை மாதங்களில் பகல் நேரத்தில் தனியார் கார்களுக்கு அங்கே கட்டுப்பாடு உண்டு, சைக்கிளுக்கு இல்லை. வடக்கிலிருந்து ட்ரமுண்டானா காற்று பலமாக வீசும் என்று வானிலை சொன்னால் இதை இன்னொரு நாளுக்கு மாற்றுங்கள். பக்கவாட்டுக் காற்றில் அந்த இறக்கம் நன்றாக இல்லை.

மூன்றாம் நாள் யூக் மடம். சமவெளி ஓரத்தில் காய்மாரி என்ற ஊர், அங்கிருந்து எட்டு கிலோமீட்டர், சராசரி ஐந்து சதவீதம், மிச்சம் வைக்காமல் சீராக ஏறும் ரோடு, ஆலிவ் தோட்டம், அப்புறம் ஓக் காடு. மேலே கணவாயில் ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறது. நான் பார்த்த பெட்ரோல் பங்குகளில் பெட்ரோல் போட வருகிறவர்களைவிடக் காபி குடிக்க வருகிறவர்கள் அதிகம் இருக்கும் ஒரே பங்க் இதுதான். மடத்தில் கறுப்பு மாதா சிலை, தீவு முழுக்க இருந்து நடந்தே வந்து கும்பிடுகிறார்கள். இறங்குவது பொலென்சா பக்கமாக, ஃபெமெனியா கணவாய் வழியே. இந்த இறக்கத்தில்தான் உங்கள் பரீட்சை. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கை விட்டு, கண் வளைவின் வெளிவாசலைப் பார்க்க வேண்டும். நம் மலைகளில் எதிரே லாரி வரும் என்ற பயத்தில் வளைவுக்குள்ளேயே பிரேக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் பழகியிருப்போம், எனக்கும் அந்தப் பழக்கம் போக நாளாயிற்று. தார் வழவழவென்று இருக்கிறது, குழி இல்லை, ஆனால் பல வருடம் டயர் தேய்த்துப் பளபளத்த தார் அது, ஒரு தூறல் விழுந்தால் சோப்புத் தண்ணீர் ஊற்றிய மாதிரி. மழை விட்டு வெயில் வந்த பிறகும் மர நிழலில் ஈரம் நிற்கும்.

இப்போது சா கலோப்ரா. நீங்கள் இதற்காகத்தான் போகிறீர்கள் என்று தெரியும், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். இது எங்கும் போகாத ரோடு. கீழே கடற்கரையில் நாலைந்து கட்டடம், அவ்வளவுதான், அதோடு முடிந்துவிடும். அதனால் முதலில் இறங்க வேண்டும், பிறகு இறங்கியதை ஏற வேண்டும், வேறு வழியில்லை, படகு ஒன்று உண்டு சோயேர் துறைமுகத்துக்கு, அதை இப்போது மறந்துவிடுங்கள். போர்ட் டி பொலென்சாவிலிருந்து போய்வர நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, ஏற்றம் 2,000 மீட்டருக்கு மேல். ஃபெமெனியா ஏறி, மடத்தைத் தாண்டி, ஒரு பழைய கல் நீர்ப்பாலத்துக்குப் பக்கத்தில் திரும்பி, இரண்டு மூன்று கிலோமீட்டர் ஏறினால் டெல்ஸ் ரெய்ஸ் கணவாய், 682 மீட்டர். அங்கிருந்து கடல் மட்டம் வரை பத்து கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, சராசரி ஏழு சதவீதம், இருபத்தாறு கொண்டை ஊசி.

இந்த ரோட்டை அமைத்தவர் அந்தோனியோ பரியெத்தி என்ற பொறியாளர், 1930-களின் தொடக்கத்தில். ஃபோர்மென்டோர் ரோடும் அவர் போட்டதுதான். சா கலோப்ராவில் அவர் ஒரு சுரங்கம்கூட வெட்டவில்லை. மலை மடிப்புகளைத் தொட்டுத் தொட்டு ரோட்டை மடித்துக்கொண்டே போயிருக்கிறார். ஒரு இடத்தில் மடிக்க இடம் இல்லை. அங்கே ரோடு ஒரு முழு வட்டம் அடித்துத் தன் அடியிலேயே நுழைந்து போகிறது. கழுத்தில் டை கட்டும்போது துணி சுற்றி உள்ளே நுழையுமே, அதே மாதிரி. அதற்கு டை முடிச்சு என்றே பெயர். ஏறி வரும்போது அந்தப் பாலத்துக்கு அடியில் நின்று மேலே பார்த்தேன். தலைக்கு மேல் ஒருவர் எதிர்ப்பக்கம் போவது தெரிந்தது, மூச்சு வாங்கும் சத்தம்கூடக் கேட்டது, இரண்டு நிமிடம் கழித்து நானும் அதே இடத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன்.

ஏறுவதில் பெரிய தந்திரம் இல்லை. கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டர் கொஞ்சம் கடுமையாகும், அதற்கு முன்னால் வேகம் காட்டாமல் இருந்தால் போதும். நேரம்தான் எல்லாம். பத்து, பத்தரைக்கு மேல் சுற்றுலா பஸ்கள் இறங்க ஆரம்பிக்கும். ஒரு பெரிய பஸ் கொண்டை ஊசியில் திரும்ப வேண்டும் என்றால் எதிர் லேனை முழுதாக எடுத்துக்கொள்ளும், அந்த நேரம் நீங்கள் ஐம்பதில் இறங்கிக்கொண்டிருந்தால் ஒதுங்க இடம் கிடையாது. காலை ஒன்பதுக்குள் கீழே இருக்கிற மாதிரி கிளம்புங்கள். கீழே போனதும் உடனே திரும்பி ஏறாதீர்கள். பாறைக்குள் குடைந்த ஒரு நடைபாதை வழியே ஐந்து நிமிடம் நடந்தால் தொரெண்ட் டி பரெய்ஸ் என்ற காட்டாறு இரண்டு செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே வந்து கடலைத் தொடும் இடம். பெடலில் மாட்டும் கிளீட் ஷூ போட்டுக்கொண்டு இருட்டில் வழுக்கி வழுக்கி நடக்க வேண்டும். ரோட்டில் சா கலோப்ராவை ஏறி நேரம் குறித்து வைத்திருக்கும் எத்தனையோ பேர் இந்த இடத்தைப் பார்த்ததில்லை. எனக்கு அது புரிந்ததே இல்லை.

ஐந்தாம் நாள் பொலென்சாவிலிருந்து சோயேர், எம்.ஏ.-10 வழியாக, 60 கிலோமீட்டர் வாக்கில். பால்மாவுக்குத் தண்ணீர் தரும் கோர்க் பிளாவ், குபேர் என்ற இரண்டு அணைகளின் ஓரமாக ரோடு போகும், பிறகு பூச் மயோர் அடிவாரத்தில் ஒரு சுரங்கம், அதுதான் உச்சம். சுரங்கத்துக்குள் போகும்போது குளிர்க் கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள், உள்ளே கண் தெரியாது. வெளியே வந்ததும் பதினாலு கிலோமீட்டர் இறக்கம், கீழே சோயேர் பள்ளத்தாக்கு, ஆரஞ்சுத் தோட்டங்கள். இந்த நாளில் காலை சீக்கிரம் சாப்பிட்டுக்கொண்டு, மடத்துப் பக்கம் தண்ணீரை நிரப்பிக்கொள்ளுங்கள், அதற்கப்புறம் சோயேர் வரை கடை அரிது. சோயேர் சதுக்கத்தில் பிழிந்து தரும் ஆரஞ்சு ஜூசுக்கு நான் இரண்டு தடவை கிளாஸ் நீட்டினேன். ஒரு எச்சரிக்கை: ஊரிலிருந்து துறைமுகத்துக்கு 1913-லிருந்து ஓடும் டிராம் ஒன்று இருக்கிறது, தண்டவாளம் ரோட்டோடு ரோடாகப் போகும். அதைக் குறுக்கே நேராகத்தான் கடக்க வேண்டும். சாய்வாகக் கடக்கப் பார்த்தேன், முன் சக்கரம் உள்ளே மாட்டியது, முழங்கால் தோலில் கொஞ்சம் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். நூறு கிலோமீட்டர் மலையில் விழாதவன் ஐஸ்கிரீம் கடை வாசலில் விழுந்தேன்.

சோயேரிலிருந்து பால்மா பக்கம் போக மலைக்கு அடியில் ஒரு கார் சுரங்கம் உண்டு, சைக்கிளுக்கு அனுமதி கிடையாது. அது நம் நல்ல காலம். கார்களெல்லாம் அதில் போய்விடுவதால் மேலே 496 மீட்டரில் இருக்கும் பழைய கணவாய் ரோடு கிட்டத்தட்டக் காலி. வளைவுக்கு மேல் வளைவு, எண்ணுவதை நிறுத்திவிடுவீர்கள், சரிவு மட்டும் மென்மையாகவே இருக்கும். கொண்டை ஊசியில் உடம்பைச் சாய்க்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. அந்தப் பக்கம் இறங்கினால் புன்யோலா. கால் இருந்தால் அங்கிருந்து ஓரியண்ட் என்ற குட்டிக் கிராமம் வரை போய்வாருங்கள், காட்டுக்குள் ஒரு சின்னக் கணவாய், பேச்சுச் சத்தமே கேட்காத ரோடு. ஆனால் ஆறாம் நாள் காலில் தெம்பு இருக்காது, நேராகப் பால்மா போய்ப் படுத்தாலும் தப்பில்லை.

எதை விட்டாலும் ஏழாம் நாளை மட்டும் விடாதீர்கள் என்பேன். பால்மாவிலிருந்து எஸ்போர்லெஸ், அங்கிருந்து மலையைத் தாண்டிப் பன்யல்புஃபார், எஸ்டெலெங்க்ஸ், அன்ட்ராட்ச், திரும்பி வர கப்தெயா, கலிலேயா, பூச்புன்யென்ட் வழியாகப் பால்மா, சுமார் 90 கிலோமீட்டர். கணவாய் என்று பெயர் சொல்லிக்கொள்ள இதில் பெரிதாக ஒன்றும் இல்லை, அதனால்தான் பலர் இதை லேசாக எடுத்துக்கொண்டு பிறகு முழி பிதுங்குகிறார்கள். நூறு மீட்டர் ஏறு, எண்பது மீட்டர் இறங்கு, திரும்ப ஏறு, இப்படியே நாள் முழுக்க. தாளம் பிடிக்கவே விடாது. ஏற்காட்டில் ஒரே கியரில் உட்கார்ந்து ஏறுகிற நமக்கு இது வேறு விளையாட்டு. எடுத்த எடுப்பில் எழுந்து நின்று மிதித்தால் எஸ்டெலெங்க்ஸ் வருவதற்குள் தீர்ந்துவிடுவீர்கள்.

பன்யல்புஃபார் மலைச்சரிவில் தொங்கும் ஊர். ஊருக்குக் கீழே கடல் வரை படிப்படியாகக் கல் மேடைகள், சுண்ணாம்போ சிமெண்டோ இல்லாமல் கல்லின் மேல் கல்லை அடுக்கிக் கட்டியவை, அதில் மல்வசியா என்ற திராட்சை. இப்படிச் சுவர் கட்டுபவர்களுக்கு அங்கே மார்ஜெர் என்று தனிப் பெயரே உண்டு. இந்த மேடைகளையும் வாய்க்கால்களையும் சேர்த்துத்தான் 2011-இல் யுனெஸ்கோ ட்ரமுண்டானாவை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, இயற்கை இடமாக இல்லை, மனிதர்கள் உருவாக்கிய நிலமாக. ஒரு இடத்தில் சுவரின் ஒரு பகுதி சரிந்து ரோட்டோரம் குவிந்து கிடந்தது. இரண்டு பேர் உட்கார்ந்து ஒவ்வொரு கல்லாக எடுத்து, திருப்பிப் பார்த்து, சுத்தியலால் ஒரு தட்டு தட்டி, பொருந்தாததைக் கீழே வைத்து வேறொன்றை எடுத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் குடிக்க நின்றவன் கால் மணி நேரம் நின்றுவிட்டேன், அதற்குள் அவர்கள் வைத்தது ஆறு ஏழு கல் இருக்கும். ஊரைத் தாண்டியதும் பாறை நுனியில் பதினாறாம் நூற்றாண்டுக் காவல் கோபுரம் ஒன்று, கடற்கொள்ளையரைப் பார்த்து நெருப்பு மூட்டி அடுத்த கோபுரத்துக்குத் தகவல் சொல்லக் கட்டியது. மேலே ஏறிப் பார்க்கலாம்.

இந்தக் கரை வடமேற்கு நோக்கி இருப்பதால் காலையில் மலை நிழல் ரோட்டின் மேல் விழும், மே மாதக் கடைசியிலும் குளுகுளுவென்று இருக்கும். மாலையில் சூரியன் நேராக முகத்தில். காலையிலேயே முடியுங்கள். வல்டெமோசாவும் டெயாவும் இந்தச் சுற்றில் வரவில்லை, ஆறாம் நாளில் கணவாய்க்குப் பதில் டெயா, வல்டெமோசா வழியே பால்மா போனால் இரண்டும் வந்துவிடும். பியானோ இசைமேதை ஷோபன் 1838-39 குளிர்காலத்தைக் கழித்த மடம் வல்டெமோசாவில்தான். டெயா அழகுதான், ஆனால் பார்க்கிங் தேடும் கார்களுக்கு நடுவே அந்த அழகைப் பார்க்க வேண்டும்.

சாப்பாடு. சைவமென்றால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். பேக்கரிக்குப் பேக்கரி சுருள் சுருளாக, மேலே மாவுச் சர்க்கரை தூவி வைத்திருக்கும் என்சைமாதா பன்றிக் கொழுப்பில் செய்வது. பெயரிலேயே அது இருக்கிறது, சைம் என்றால் அவர்கள் பாஷையில் பன்றிக் கொழுப்பு. நான் சாப்பிடுகிறவன், எனக்குப் பிரச்சினை இல்லை, கூட வந்த நண்பர் மூன்றாம் நாள்தான் தெரிந்துகொண்டார், பாவம். வல்டெமோசாவின் உருளைக்கிழங்கு பன்னிலும் அது இருக்கலாம், கேட்டு வாங்குங்கள். பயமில்லாமல் சாப்பிட பா அம்ப் ஒலி இருக்கிறது, தடிமனான ரொட்டியில் தக்காளியைத் தேய்த்து ஆலிவ் எண்ணெய் ஊற்றித் தருவது, சீஸ் போடச் சொல்லுங்கள், ஹாம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தும்பெட் என்று கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, குடைமிளகாய் அடுக்கி மேலே தக்காளி ஊற்றியது நன்றாக இருக்கும். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் மாவே சேர்க்காத பாதாம் கேக், ஒரு துண்டு ஒரு கணவாய்க்குத் தாங்கும்.

எப்போது போவது என்று ஏப்ரல் கடைசியா அக்டோபரா எனத் தயங்கியிருக்கிறீர்கள். ஏப்ரல் கடைசியில் மயோர்கா 312 என்ற பெரிய சைக்கிள் நிகழ்ச்சி, பெயரில் உள்ளதுதான் கிலோமீட்டர், அந்த வாரம் ஓட்டல் கிடைப்பதும் கஷ்டம், வாடகை சைக்கிள் கிடைப்பதும் கஷ்டம். அக்டோபரில் கடல் வெதுவெதுப்பாக இருக்கும், ஆனால் கோடை முழுக்கச் சேர்ந்த தூசியும் எண்ணெயும் முதல் மழையில் கரைந்து ரோடெல்லாம் வழுக்கும், எனக்கு எட்டில் மூன்று நாள் அப்படிப் போயிற்று. மே முதல் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலை, ஆகஸ்ட் பக்கம் போகாதீர்கள், வெயில் நமக்குப் பழக்கம்தான், கார்க் கூட்டம் பழகாது.

உங்கள் சைக்கிளைப் பெட்டியில் கட்டிக்கொண்டு போக வேண்டாம், அதுவும் நேரடி விமானம் இல்லாத பயணத்தில். அங்கே வாடகை சைக்கிள்கள் நல்லவை. டிஸ்க் பிரேக், 28 மில்லிமீட்டர் டயர், கியரில் முன்னால் சின்னப் பல்சக்கரத்துக்கு 34 பல், பின்னால் பெரிய பல்சக்கரத்துக்குக் குறைந்தது 32 பல், இதைச் சொல்லிக் கேளுங்கள். ஷூ, பெடல், ஹெல்மெட் மூன்றையும் வீட்டிலிருந்து கொண்டு போங்கள், முன்னும் பின்னும் விளக்கும். கிளம்புவதற்கு முந்தின நாள் உங்கள் சைக்கிளில் சீட் உயரத்தையும், சீட் நுனியிலிருந்து ஹேண்டில்பார் வரை உள்ள தூரத்தையும் டேப் வைத்து அளந்து போனில் போட்டோ எடுத்து வையுங்கள். கடையில் அந்த இரண்டு எண்களையும் நீட்டினால் ஐந்து நிமிடத்தில் சரிசெய்து தந்துவிடுவார்கள். வாசலை விட்டு வெளியே வருமுன் இடது கை பிரேக்கை ஒரு முறை இழுத்து எந்தச் சக்கரம் நிற்கிறது என்று பாருங்கள்.